தானே அணையும் கணிப்பொறி

கணிப்பொறியில் மும்முரமாக வேலை நடந்துகொண்டிருக்கிறது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. ஆனால் திடீரென்று திரை இருண்டுவிடுகிறது. சேமித்து வைக்காத பாடமெல்லாம் போய்விடுகிறது. “பொறி கெட்டுவிட்டது, இனிப் புதிது வாங்க வேண்டியதுதான்” என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாணவ நண்பர்களே, அவசரம் வேண்டாம். பல சமயங்களில் கணிப்பொறி தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது. எதிலிருந்து காத்துக்கொள்கிறது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் எதிரி வெப்பம். மேசைக் கணிப்பொறிகளில் உள்ள செயலிகள் பல 65 வாட் அளவுக்கு மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. அது முழுவதும் வெப்பமாக மாறுகிறது. செயலிச் சில்லின் பரப்போ ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடிப்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். செயலியிலோ 30 வாட்டுக்கும் மேல்! இந்த வெப்பத்தை வெளியேற்றவே அதன்மேல் தகடு தகடான உலோகப் பகுதியும், அதற்கு மேல் ஒரு சிறு விசிறியும் வைத்திருக்கிறார்கள். வெப்பம் வெளியேறாவிட்டால் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் பிறகும் சூடேறி 100 டிகிரி செல்சியசை நெருங்கினாலோ தாண்டினாலோ, மின்சாரத்தையே துண்டிக்கச் செய்துவிடும்.

வெப்பம் ஏன் வெளியேறுவதில்லை? செங்கற்பட்டு மாவட்டத்துக் கடப்பாக்கம் போன்ற கடற்கரை ஊர்களில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து, உப்புத் துகள்களாக ஊருக்குள் வருகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் ஜாடியிலுள்ள கல்லுப்பு கசிந்து கிடப்பது இதனால்தான். இந்த ஈர உப்பு தூசியோடு சேர்ந்து உலோகத் தகடுகளின் இடையே பசைபோல் அப்பிக்கொள்கிறது. காற்றுப் போகும் வழி அடைபடுகிறது. இணைப்பு முனைகளும் அரிக்கப்படுகின்றன.

இரண்டாவது எதிரி மின்சாரத் தடுமாற்றம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒரு சுற்றின் காலம் 20 மில்லி விநாடி. கணிப்பொறியின் மின்வழங்கிப் பெட்டியில் உள்ள மின்தேக்கிகள், மின்சாரம் தடைப்பட்டால் ஏறத்தாழ அவ்வளவு நேரமே தாங்கும். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் கணிப்பொறி அணைந்துவிடலாம். நாட்பட்ட மின்தேக்கிகள் இதைக்கூடத் தாங்குவதில்லை.

எதிரி யார் என்று எப்படி அறிவது? ஒரு குறிப்பேடு போதும். அணைந்த நேரம், அப்போது நடந்த வேலை, விளக்கு மங்கியதா, மோட்டார் ஓடியதா என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

இருபது நிமிடம் ஓடி அணைகிறது. உடனே போட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி அணைகிறது. அரை மணி ஆறவிட்டால் முன்போல் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் வெப்பமே காரணம். தண்ணீர் மோட்டாரோ குளிர்பதனப் பெட்டியோ ஓடத் தொடங்கும்போது அணைந்தால் மின்னழுத்தத்தைச் சந்தேகியுங்கள். தளர்ந்த பிளக்கையும் பாருங்கள். போட்ட சில விநாடிகளிலேயே அணைந்தால் விசிறி சுற்றுகிறதா என்று கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

தூசி தட்டுவதானால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். ஈரத்துணி கூடாது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவு 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

கடப்பாக்கத்துக்கு வடக்கே, இதே கடற்கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. சோதித்துப் பார்த்த பிறகே, 2005 ஜனவரித் தொடக்கத்தில் அதை மீண்டும் இயக்கினார்கள். பெரிய உலைக்கும் சிறிய கணிப்பொறிக்கும் விதி ஒன்றுதான்: ஆபத்தில் நிற்பது காப்பு, ஏன் நின்றது என்று அறிந்த பின் ஓட்டுவது அறிவு. காரணம் தேடாமல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், காக்க வந்த ஏற்பாட்டையே நாம் தோற்கடிக்கிறோம்.

உங்கள் பள்ளியில் ‘கெட்டுப்போனது’ என்று மூலையில் ஒதுக்கிய கணிப்பொறி இருக்கிறதா? ஆசிரியரிடம் அனுமதி பெற்று, இன்றே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள்.