அமெச்சூர் மோட்டார்ப் பந்தயமும் வண்டித் திருத்த விதிகளும்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் பெருங் கம்பனிகளின் பொருட்செலவும், ஊதியம் பெற்று ஓட்டும் வீரரின் புகழுமே பலர் நினைவுக்கு வருவன. ஆயின் மேனாடுகளில் நிகழும் பந்தயங்களுள் மிகப் பல அத்தகையன அல்ல. வார நாட்களில் எழுத்தராகவும் ஆசிரியராகவும் கம்மியராகவும் தொழில் புரிவோர், தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டியைத் தம் வீட்டுக் கொட்டகையிலே செப்பனிட்டு, வார இறுதியிற் பந்தயச் சுற்றுக்குக் கொண்டுசெல்கின்றனர். பரிசுப் பணம் பெரும்பாலும் இல்லை. ஒரு சிறு கிண்ணமே வெற்றியின் அடையாளம். இவையே அமெச்சூர்ப் பந்தயங்கள் எனப்படுவன. வீதிப் பந்தயம் என்னும் பெயர் இவற்றுக்கு வழங்கினும், பொதுமக்கள் செல்லும் வீதியில் இவை நிகழ்வதில்லை. வட்டமான ஓடுதளத்தினின்றும் வேறுபடுத்துதற்கு, இடமும் வலமும் வளைந்து வீதிபோற் செல்லும் மூடிய சுற்றில் நிகழ்வது என்ற பொருளிலேயே அப்பெயர் அமெரிக்காவிற் பெருவழக்காயிற்று.

இத்தகைய பந்தயத்தில் ஒருவன் தன் வண்டியில் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதனை வரையறுக்கும் விதிநூல், புறத்தே நோக்குவார்க்குச் சலிப்பூட்டும் பட்டியலாகவே தோன்றும். எனினும் பந்தயத்தின் உயிர் அதனிடத்தேயே உள்ளது. மாற்றத்துக்கு எல்லை வகுக்கப்படாதவிடத்துப் பணம் மிக்கவனே வெல்வான்; அடுத்த ஆண்டு அவனோடு போட்டியிட எவனும் வாரான்.

பாதுகாப்புப் பற்றிய விதிகளை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றின் நோக்கம் எவர்க்கும் விளங்கும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவனைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூட்டின் குழாய் இன்ன விட்டமும் இன்ன தடிப்பும் உடையதாயிருத்தல் வேண்டும் என வண்டியின் நிறைக்கேற்ப விதிக்கப்படுகின்றது. குழாயின் தடிப்பைப் புறத்தே நின்று அறிய இயலாதாகலின், சோதகர் அளந்து பார்ப்பதற்கென்று அதில் ஒரு சிறு துளை இடப்படுவதும் உண்டு. எனினும் இக்கூட்டிலும் ஒரு நுட்பம் உளது. கூடு ஆளைக் காப்பதோடமையாது வண்டியின் உடலையும் விறைப்பாக்குகின்றது. விறைப்பான உடல் வளைவுகளில் விரைவு தரும். ஆகவே கூட்டினை உடலோடு எத்தனை இடங்களிற் பொருத்தலாம் என்பதனையும் சில வகுப்புகளின் விதிகள் எண்ணி வரையறுக்கின்றன. காப்புக்கென அனுமதித்த பொருள் வேகத்துக்குக் கருவியாகாதவாறு தடுப்பதே இதன் கருத்தாகும்.

விதிநூலைக் கையிலெடுப்பவன் முதலில் அறிய வேண்டுவது, அந்நூல் ஒரு பொருளைப் பற்றி யாதும் கூறாதவிடத்து அம்மௌனத்துக்கு என்ன பொருள் என்பதே. இருவகை நூல்கள் உள. ஒரு வகையில், விலக்கப்படாதன யாவும் அனுமதிக்கப்பட்டன. மற்றொரு வகையில், அனுமதிக்கப்படாதன யாவும் விலக்கப்பட்டன. சொல்லளவில் இவை சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆயின் ஒரே மௌனம் ஒரு நூலிற் கதவைத் திறக்கின்றது, மற்றதில் அடைக்கின்றது. ஒரு கழகத்தின் விதிக்குப் பழகியவன் மற்றொரு கழகத்தின் நூலை அதே கண்கொண்டு படிப்பானாயின் இடர்ப்படுவது திண்ணம். நம் நாட்டு மீமாம்சகர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஐந்து நகமுடைய விலங்குகளுள் இன்ன ஐந்தினை உண்ணலாம் என்ற வாக்கியம் அவற்றை உண்ணுமாறு ஏவுவதன்று, ஏனையவற்றை விலக்குவதே என்று அவர் கொண்டு, அதனைப் பரிசங்கியை விதி என்றனர். இரண்டாம் வகைப் பந்தய விதிநூல் முழுவதும் அத்தகையதே எனலாம்.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்திற் கிடைக்கின்றது. ஒஸ்ரின் என்னும் பெயர் யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களால் நம்மவர்க்கு நன்கு பழகியதொன்று. அவ்வாடகை வண்டிகளுக்கு ஒரு தலைமுறை முந்தியது ஒஸ்ரின் ஏழு என்ற சிறிய கார். 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட அதன் எஞ்சின் நான்கு உருளைகளும் ஏறத்தாழ 747 கன சதமமீற்றர் கொள்ளளவும் உடையது. எளிய குடும்பத்தாருக்கெனச் செய்யப்பட்ட அவ்வண்டியில் ஆர்வங்கொண்டோர் 1939இல் எழுநூற்றைம்பது மோட்டார்க் கழகத்தை நிறுவினர். போருக்குப் பின் பழைய ஒஸ்ரின் ஏழு வண்டிகள் மலிந்து கிடந்தன. அவற்றின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் அடிப்படையாகக் கொண்டு, குறைந்த செலவிற் பந்தய வண்டி அமைத்தற்கு ஏற்ற விதித் தொகுப்பொன்றைக் கழகம் வகுத்தது. இன்ன இன்ன மூல உறுப்புகள் இருத்தல் வேண்டும் என்று கூறிய அவ்விதி, ஏனையவற்றிற் செய்வோன் தன் அறிவைப் பயன்படுத்துதற்குப் பெரிதும் இடமளித்தது. வண்டி அமைப்பதும் ஒரு கல்வியே எனக் கழகத்தார் கருதினர்.

அவ்விடத்தை முற்றாகப் பயன்படுத்தியவர் கொலின் சப்மன் (1928-1982). இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பொறியியல் கற்ற அவர், 1951இல் அவ்விதிகளுக்கமைய ஒரு வண்டியை அமைத்தார். அதுவே லோற்றஸ் மூன்றாம் இலக்க வண்டி. அதன் சிறப்பை அறிவதற்கு ஒஸ்ரின் எஞ்சினின் குறையொன்றை முதலில் அறிதல் வேண்டும்.

அவ்வெஞ்சினின் நான்கு உருளைகளுக்கும் காற்றும் பெற்றோலும் கலந்த கலவை செல்லும் உள்வழிகள் நான்கல்ல, இரண்டே. பக்கத்துப் பக்கத்து உருளைகள் இரண்டுக்கு ஒரு வழியாக அவை அமைந்தன. செலவைக் குறைத்தற்கு ஒஸ்ரின் கண்ட வழி அது. ஒரு வழியைப் பகிரும் இரண்டு உருளைகளும் சம இடைவெளிவிட்டு இழுப்பின் தீங்கு சிறிதே. ஆயின் எஞ்சின் எரியும் ஒழுங்கின்படி அவை ஒன்றையடுத்து மற்றொன்றாக உடனுக்குடன் இழுக்கின்றன. பின்னர் நெடுநேரம் வழி வெறுமையாயிருக்கின்றது. முதல் உருளையின் வால்வு முற்றாக மூடுமுன்னரே இரண்டாவது இழுக்கத் தொடங்குதலின், ஒன்றன் பங்கை மற்றது கவர்கின்றது. ஒரு கிணற்றில் இரண்டு துலாக்கள் ஒருங்கே இறைத்தாற்போல, இரண்டும் நிறைவெய்துவதில்லை. வேகம் கூடக் கூட இத்தீங்கும் கூடும்.

விதிப்படி எஞ்சினின் வார்ப்பை மாற்றுதல் இயலாது. சப்மன் வார்ப்பை மாற்றினாரல்லர். இரண்டு உருளைகளுக்குப் பொதுவான வழியின் நடுவே மெல்லிய உருக்குத் தகடொன்றை நிறுத்தி, வெளியேயுள்ள உள்ளிழு குழாயையும் அதற்கிசையப் பிரித்தமைத்தார். இரண்டு வழிகள் நான்காயின. ஒவ்வோர் உருளையும் தனக்கெனத் தனி வழி பெற்றது. வண்டியின் உடல் இலேசாகவும் விறைப்பாகவும் அமைந்தமையும் துணைபுரிய, அவ்வாண்டுப் பந்தயங்களில் ஏனைய வண்டிகள் லோற்றஸின் பின்புறத்தையே கண்டன.

கழகத்தார் செய்தது கருதத்தக்கது. உள்வழியைப் பிரித்தல் ஆகாது என்று விதிநூலில் எங்கும் இல்லை. விலக்கப்படாதது அனுமதிக்கப்பட்டதாதலின் சப்மனின் வெற்றிகள் வெற்றிகளாகவே நின்றன. ஆயின் பின்னர் வந்த விதி, அத்தகைய பிரிப்பைத் தெளிவாக விலக்கிற்று. ஒருவன் கண்ட உபாயத்தை எல்லோரும் மேற்கொள்ளின் எல்லோர்க்கும் செலவு கூடும், பந்தயம் முன்னிருந்த நிலைக்கே வரும் என்பது விலக்குக்குக் காரணமாதல் கூடும். இது சப்மனுக்கு இழைத்த அநீதி என்பாரும் உளர். ஆயினும் விதியைச் செய்தவர் தாம் எண்ணாதுவிட்டதன் பயனை ஒருமுறை மற்றவன் அடையவிட்டு, மறுமுறை வாயிலை அடைத்தல், திறந்த விதிநூலுக்கு இயல்பான முறையேயாம். அறிவுடையானுக்கு அங்கு ஓராண்டுப் பரிசு உண்டு. நிலையான உரிமை இல்லை. (சப்மன் இப்பாடத்தைப் பிற்காலத்துப் பெரும் பந்தயங்களிலும் மறந்தாரல்லர். அடிச்சட்டம் ஒன்றா இரண்டா என விதி வினவாதிருந்தமை கண்டு, இரண்டு அடிச்சட்டங்களுடன் 1981இல் அவர் கொணர்ந்த 88ஆம் இலக்க லோற்றஸ் போட்டியினின்றும் விலக்கப்பட்டது.)

ஒஸ்ரின் எஞ்சின்கள் அருகியபின் ரிலையன்ற் எஞ்சினும், அதன்பின் ஃபியற் எஞ்சினும் அவ்விதியில் இடம்பெற்றன.

இரண்டாம் வகையான மூடிய விதிநூலை அமெரிக்காவிற் காணலாம். 1944இல் தோன்றிய அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம், கடையில் வாங்கிய நிலையிலிருந்து பெரிதும் மாறாத வண்டிகளுக்கெனப் பல வகுப்புகளை நடத்துகின்றது. இவ்வகுப்புகளில் அடிப்படை வாக்கியம், கம்பனி செய்தவாறே வண்டி இருத்தல் வேண்டும் என்பது. அதன்மேல் இன்ன இன்ன மாற்றங்கள் செய்யலாம் எனத் தனித்தனி அனுமதிகள் வருகின்றன. ‘கூடாது என்று எங்கே எழுதியுள்ளது?’ என்று வினவுதல் இங்குப் பயனற்றது. ‘கூடும் என்று எங்கே எழுதியுள்ளது?’ என்பதே வினா. ஒருவன் கதவின் உட்புறத்துப் பலகையைக் கழற்றினான் எனின், அது கழற்றப்படலாம் என்ற வாக்கியத்தை அவன் காட்டுதல் வேண்டும். அவ்வாக்கியம் இன்றேல், அதனால் வேகம் கூடிற்றோ இல்லையோ, வண்டி விதிக்கு மாறானதே.

அனுமதிக்கும் எல்லை உண்டு. அனுமதிக்கப்பட்ட ஓர் உறுப்பு, தன் தொழிலுக்கு மேலாக, விலக்கப்பட்ட தொழிலொன்றையும் செய்தலாகாது என்பது அக்கழக விதிகளிற் காணப்படும் சிறந்த வரம்பு. சான்றாக, ஆசனத்தைப் பொருத்துதற்கு இரும்புத் தாங்கி வைக்கலாம் என அனுமதி இருப்பதாகக் கொள்வோம். அத்தாங்கியை வண்டியின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் வரை நீட்டி உடலை விறைப்பாக்குவானாயின், அது ஆசனத் தாங்கி என்ற பெயரால் மட்டும் தப்பாது. பெயரை நோக்காது தொழிலை நோக்குமாறு இவ்வரம்பு சோதகரைப் பணிக்கின்றது.

எனினும் ‘கம்பனி செய்தவாறே’ என்ற சொற்றொடர் எளிதுபோற் காணப்பட்டு மிக்க தொல்லை விளைப்பது. தொழிற்சாலையிலிருந்து வரும் உறுப்புகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு உருளைத் தலைகளில் ஒன்றன் உள்வழி சற்று அகன்றும் மற்றதனது ஒடுங்கியும் இருத்தல் கூடும். பத்து வார்ப்புகளை வாங்கி நல்லதைத் தேர்பவன் எவ்விதியையும் மீறவில்லை. ஒன்றை வாங்கி அந்நல்லதற்கு ஒப்ப அராவியவன் மீறியவன். இரண்டு வண்டிகளிலும் விளைவு ஒன்றே.

இத்தொல்லை 2014இல் வெளிப்படையாயிற்று. 1989இல் வெளிவந்த மஸ்டா மியாற்றா என்னும் சிறு காருக்கென அக்கழகத்தில் ஒரு வகுப்பு உண்டு. எல்லா வண்டிகளும் ஒரே இனம். நிறை, சில்லு, ரயர் யாவும் வரையறுக்கப்பட்டவை. செலவைக் குறைத்து ஓட்டுபவன் திறமையையே முதன்மையாக்குதல் நோக்கம். அவ்வாண்டு கலிபோர்னியாவின் லகுனா செக்கா சுற்றில் நடந்த தேசியப் போட்டியில், முன்வரிசையில் முடித்தவர் பலரின் உருளைத் தலைகள் கழற்றி நோக்கப்பட்டு, அவர்கள் தகுதியிழந்தனர்.

குற்றம் யாது? உள்வழி வால்வை அணுகுமிடத்துக் கூர்மையாக வளைகின்றது. வால்வின் இருக்கைக்குக் கீழே தொழிற்சாலை இயந்திரம் ஒரு வெட்டு வெட்டுகின்றது. வெட்டிய பகுதியும் வார்த்த பகுதியும் சந்திக்கும் விளிம்பு, வளைவின் உட்புறத்தே கூராக நிற்கும். கலவை அக்கூரில் மோதிச் சுழலும். அவ்விளிம்பைச் சற்று மழுக்கினால் ஓட்டம் சீராகும், வலுவும் சிறிது கூடும். இயந்திர வெட்டினை விதி அனுமதித்தது. வளைவின் உட்புறத்தை அராவுதலை அனுமதிக்கவில்லை. வெட்டு முடியும் இடம் எது, அராவல் தொடங்கும் இடம் எது என்பதே வழக்காயிற்று. அதன்பின் விதி திருத்தப்பட்டு, வரையறுத்த அளவிலான செப்பம் அவ்விடத்தில் அனுமதிக்கப்பட்டது. அறுபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் சப்மன் கைவைத்ததும் இதே உள்வழியிலேயே. அங்கு மௌனம் அவரைக் காத்தது. இங்கு மௌனம் இவர்களைத் தண்டித்தது.

இவ்வகுப்பில் ஓட்டுவோர் பலர் தம் எஞ்சினைத் தாமே அமைப்பதில்லை. எஞ்சின் அமைக்கும் பட்டறைகளிடம் வாங்குகின்றனர். உருளைத் தலைக்குள் என்ன செய்யப்பட்டது என்பதை அவர் கண்டதும் இல்லை. ஆயினும் வண்டி விதிக்கமைந்தது என்பதற்குப் பொறுப்பு அதனைப் போட்டிக்குக் கொணர்ந்தவனையே சாரும். ‘அறியேன்’ என்பது விடையாகக் கொள்ளப்படுவதில்லை. இது கடுமையாகத் தோன்றினும் வேறு வழி இல்லை. அறியாமையை ஏற்பின், அறியாதிருத்தலே ஒரு தொழிலாகிவிடும். பழைய பந்தய வண்டியை வாங்குபவனும், முன்னிருந்தவன் செய்த திருத்தங்களைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டே வாங்குகின்றான்.

எல்லா வண்டிகளையும் எஞ்சின் வரை கழற்றிப் பார்த்தல் எக்கழகத்துக்கும் இயலாது. ஆதலின் போட்டியாளர் ஒருவர் மற்றொருவர் வண்டிமேல் முறையிடலாம் என அமெரிக்கக் கழகம் வகுத்துள்ளது. முறையிடுவோன் எப்பகுதி எவ்விதிக்கு மாறானது என எழுத்திற் காட்டிக் கட்டணம் செலுத்துவதோடு, கழற்றிப் பூட்டும் செலவுக்கெனப் பிணைப்பணமும் வைத்தல் வேண்டும். வண்டி குற்றமுடையதாயின் செலவு வண்டிக்காரனுடையது. குற்றமற்றதாயின் பிணைப்பணம் அவனுக்கே சேரும், அவன் அதனைக்கொண்டு தன் எஞ்சினை மீளப் பூட்டிக்கொள்வான்.