ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வரலையா? உங்க வயல்ல பெய்ற மழையை முதல்ல நிறுத்துங்க!

ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் விழும் தெரியுமா? சுமார் 40,000 லிட்டர். மதுரைப் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 85 செ.மீ. மழை. அப்படின்னா ஏக்கருக்கு 34 லட்சம் லிட்டர்! ஆனாலும் கோடையில் கிணறு வறண்டு போகுது. கடன் வாங்கி போர் போட்டால், சில நேரம் புழுதிதான் பறக்குது.

என்ன காரணம்? மதுரையைச் சுற்றிப் பெரும்பாலும் கடினப் பாறை. மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். சின்ன உண்டியல் மாதிரி; போட்டால்தான் எடுக்க முடியும்.

முன்னோர்கள் வெட்டிய கண்மாய்கள் பாசனத்தோடு இந்த வேலையையும் செய்தன. தேங்கிய நீர் மெதுவாகக் கசிந்து சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போகும். 1645-ல் திருமலை நாயக்கர் காலத்தில் உருவான வண்டியூர் தெப்பக்குளமே சாட்சி. பல ஆண்டுகள் வறண்டு கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது. பனையூர் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரை நிரப்பிய பிறகு, சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது.

உங்க நிலத்தில் என்ன செய்யலாம்?

வரப்பை உயர்த்துங்க: கோடை உழவை சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்க. மழைநீர் ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும்.

பண்ணைக்குட்டை வெட்டுங்க: நிலத்தின் தாழ்வான மூலையில் அமைக்கணும். நீர் பூமிக்குள் இறங்கணும்னா பிளாஸ்டிக் விரிப்பு போடாதீங்க. விரிப்பு போட்டால் அது சேமிப்புத் தொட்டிதான்.

கிணற்றுக்கு வடிகட்டி வைங்க: கலங்கல் நீரை நேரடியாக விட்டால் ஊற்றுக்கண் அடைபடும். பக்கத்தில் குழி தோண்டி, அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் போட்டு, வடிந்த நீரைக் குழாய் வழியாக விடுங்க. உரமும் பூச்சிமருந்தும் கலந்த வயல் நீர் வேண்டவே வேண்டாம். மணல் வடிகட்டி அதையெல்லாம் நிறுத்தாது. குடிக்கிற தண்ணியும் கெட்டுப்போகும்.

ஒருத்தர் மட்டும் செய்தால் பலன் குறைவுதான். வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் கண்மாய்க்கு நீர் வராது. ஊர் கூடித்தான் தூர்வாரணும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, 'வயலகம்' என்ற பெயரில் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து இந்த வேலையைத்தான் செய்கிறது.

ஐப்பசி அடைமழை வந்த பிறகு மண்வெட்டியைத் தேடாதீங்க. அடுத்த போருக்குக் கடன் கேட்பதற்கு முன்னாடி, உங்க நிலத்துல மழைத்தண்ணி எந்த மூலை வழியா வெளியே போகுதுன்னு ஒருமுறை நடந்து பாருங்க. வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.