பிரவுசரை யார் தேர்வு செய்வது? மைக்ரோசாஃப்ட்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் ஏன்?

புது லேப்டாப்பை ஆன் செய்ததுமே அதில் ஒரு பிரவுசர் தயாராக இருக்கும். நம்மில் பலர் அதை மாற்ற மெனக்கெடுவதே இல்லை. அந்தச் சோம்பல்தான் நிறுவனங்களுக்கு லாபம்!

என்ன புகார்?

விண்டோஸுடன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்தே தருவது நியாயமான போட்டி இல்லை என, நார்வேயின் ஓபரா நிறுவனம் 2007-ல் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் செய்தது.

தீர்வு?

2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஓபரா எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டி, ‘எது வேணும்?’ எனக் கேட்கும் திரையை 5 ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்டது.

அப்புறம் என்ன சிக்கல்?

2011 மே முதல் 2012 ஜூலை வரை, விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-ல் அந்தத் திரை வரவே இல்லை. தொழில்நுட்பத் தவறு என்றது நிறுவனம். சுமார் 1.5 கோடி பேருக்கு வாய்ப்பு போனது. கொடுத்த வாக்கை மீறியதற்காக 2013 மார்ச்சில் வந்ததுதான் இந்த அபராதம்.

இப்போ?

டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால், 2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐபோன், ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே கேள்வி வருகிறது. நம்ம போன் கேட்காவிட்டால் என்ன? செட்டிங்ஸில் ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ போய் நாமே மாத்திக்கலாம்.