கோயம்புத்தூர் தாயியின் குரலைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கோவை வாசகர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு குரல் பாரிஸ் நகரம் வரை போய், அங்கே ஓர் இசையமைப்பாளரை மயக்கி, பியானோ இசையாக மாறி அச்சாகியிருக்கிறது. யார் அந்தப் பாடகி? விடை தெரியாவிட்டால் கவலை வேண்டாம். கோவையிலேயே பலருக்குத் தெரியாது. அவர் பெயர் கோயம்புத்தூர் தாயி. இயற்பெயர் பழனிக்குஞ்சரம். நடனம், இசை இரண்டும் குலத்தொழிலாக இருந்த குடும்பத்தில் 1872-இல் பிறந்தவர். சென்னையில் குடியேறிப் புகழ் பெற்று, 1917-இல் மறைந்தார்.

ரேடியோ, பேசும் படம் எல்லாம் வருவதற்கு முன்பே அவர் காலம் முடிந்துவிட்டது. மைக் வைத்துப் பதிவு செய்யும் முறையே 1925-இல்தான் வந்தது. எனவே அவர் குரல் இன்று நம் காதில் விழுவதற்கு இருக்கும் ஒரே வழி, தகரக் குழாய்க்குள் பாடிப் பதிவு செய்த கிராமபோன் தட்டுகள்தான். இவற்றில் சில இண்டர்நெட்டில் இருக்கின்றன. சில கண்ணுக்குத் தெரியாமல் தவறான பெயரில் கிடக்கின்றன. இன்னும் சில, கொங்குப் பகுதியின் ஏதாவது ஒரு பழைய வீட்டுப் பரணில் இருக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இவற்றை எப்படித் தேடுவது, கிடைத்தால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில் பாரிஸ் கதை. மோரிஸ் டெலாஜ் (1879-1961) என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் புகழ்பெற்ற ராவெலின் மாணவர், நண்பர். 1911-12 வாக்கில் இந்தியா வந்தார். இந்திய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டதைத் தம் இசைக்குள் கொண்டுவந்தார். அவருடைய ‘ராகமாலிகா’ என்ற பியானோ இசை, தாயி பாடிய அருட்பா இசைத்தட்டை ஒட்டி எழுதப்பட்டது. தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி, ஒரு ஸ்வரம் மட்டும் மழுங்கி ஒலிக்கும்படி அதில் செய்திருக்கிறார். அவருடைய ‘நான்கு இந்துக் கவிதைகள்’ என்ற படைப்பில் வரும் ‘லாகூர்’ பகுதிக்கு மூலம், இம்தாத் கான் வாசித்த ஒரு இசைத்தட்டு. இதையெல்லாம் தட்டையும் ஸ்வரக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு விரிவாக எழுதியவர் இசை வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்லர். வள்ளலார் பாடலைக் கோவைப் பெண் பாட, அது பாரிஸில் பியானோவில் ஒலித்தது என்பது நமக்குத் தெரியவர இத்தனை காலம் ஆகியிருக்கிறது!

பெயரை எப்படித் தேடுவது?

கூகுளில் ஒரே ஒரு முறை பெயரை டைப் செய்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து லேபிளில் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ‘தாயி’ என்பதை டி-எச்-ஏ-ஒய்-ஐ என்றும் எழுதலாம், டி-எச்-ஏ-ஒய்-இ-இ என்றும் எழுதலாம், எச் இல்லாமல் டி-ஏ-ஒய்-ஐ என்றும் எழுதலாம். ஊர்ப் பெயரின் கடைசியில் ஓ-ஆர்-இ வரும் இடத்தில் இரண்டு ‘ஓ’ போட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். இரண்டு சொற்களையும் மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் தேவையில்லாத பக்கங்கள் குறையும். தமிழில் தேடும்போது ‘கோயமுத்தூர்’, ‘கோயம்புத்தூர்’, ‘கோவை’ மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

அந்தக் காலப் பாடகிகளின் பெயரில் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று. இது நமக்கு ஒரு வசதி. ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்துப் பழைய தட்டுகளின் பட்டியலில் தேடினால், பெயர் தவறாக அச்சான தட்டுகளும் சிக்கும். ஒரு எச்சரிக்கை: ‘தாயி’ என்ற பெயர் அன்று பலருக்கு உண்டு. ஊர்ப் பெயர் இல்லாமல் ‘தாயி’ என்று மட்டும் இருந்தால் அதை உடனே கோவைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எண்தான் ஜாதகம்

இணையத்தில் பழைய பாடலை ஏற்றுபவர்களில் பலர் லேபிளைக் காட்டுவதில்லை. பாட்டு மட்டும் ஓடும், பின்னணியில் ஒரு பூ அல்லது கோபுரப் படம் இருக்கும். ஆண்டு என்று ஏதோ ஒன்றைப் போட்டிருப்பார்கள். இதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. தட்டின் உண்மையான ஜாதகம் அதன் எண்களில் இருக்கிறது.

எண் இரண்டு வகை. லேபிளில் அச்சிட்டிருப்பது கேட்லாக் எண். கடையில் விற்பதற்காகக் கொடுத்தது. கிராமபோன் கம்பெனியின் ஆரம்பகால இந்தியத் தட்டுகளில் ஆண் குரலுக்கு 12,000 வரிசையும் பெண் குரலுக்கு 13,000 வரிசையும் ஒதுக்கியிருந்தார்கள். வரிசை தீர்ந்ததும் முன்னால் 2, 3 என்று ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஆகவே லேபிளில் பெயர் அழிந்து எண் மட்டும் தெரிந்தாலும் பாடியது பெண்ணா ஆணா என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, மேட்ரிக்ஸ் எண். இது லேபிளுக்கு அருகே, பள்ளங்கள் முடியும் இடத்தில் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பதிவு செய்த வரிசைப்படி கொடுத்த எண் இது. கூடவே வரும் எழுத்து, பதிவு செய்த நிபுணர் யார், தட்டின் அளவு என்ன என்பதைச் சொல்லும். நிபுணர் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார் என்பது தெரிந்தால் பதிவான காலமும் கிடைத்துவிடும். துப்பறியும் கதை மாதிரிதான்.

இந்த எண்களைச் சரிபார்க்க நல்ல இடங்கள் உண்டு. மைக்கேல் கின்னியர் 1908 வரையிலான கிராமபோன் கம்பெனியின் இந்தியப் பதிவுகளையும், அடுத்து 1908-1910 பதிவுகளையும் தனித்தனிப் புத்தகங்களாகத் தொகுத்திருக்கிறார். ஆலன் கெல்லி வாழ்நாள் முழுக்கத் தொகுத்த கிராமபோன் கம்பெனிப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா கிளை நடத்தும் இசைத்தட்டு விவரத் தளத்திலும் கெல்லியின் தகவல்களைச் சேர்த்திருக்கிறார்கள். மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தின் ‘தி ரெக்கார்ட் நியூஸ்’ இதழ்களைப் புரட்டினால் பட்டியலில் இல்லாத வாழ்க்கைக் குறிப்புகள் கிடைக்கும். பாட்டைக் கேட்க ஆர்கைவ்.ஆர்க் தளத்துக்குச் செல்லுங்கள். பியானோ வடிவத்தின் ஸ்வரக் குறிப்பு வேண்டுமென்றால் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் டெலாஜ் பெயரில் தேடுங்கள்.

கிடைத்த விவரத்தை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வையுங்கள். பெயர் (லேபிளில் உள்ளபடியே, எழுத்துப் பிழையோடு), கேட்லாக் எண், மேட்ரிக்ஸ் எண், பாடல், ராகம், கேட்ட இடம் என்று ஆறு காலம் போதும். பெயரை நீங்களாகத் திருத்தி எழுதினால் பிறகு தேடும்போது சிக்காது.

குரல் ஏன் கீச்சென்று இருக்கிறது?

பழைய பாடலைக் கேட்ட பலரும் ‘அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் கீச்சுக்குரலில் பாடினார்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பாவம், பாடியவர் மேல் பழி. பெரும்பாலும் குற்றம் வேகத்தில் இருக்கிறது. நாம் ‘78 ஆர்.பி.எம்.’ என்று பொதுவாகச் சொன்னாலும், அந்தக் காலத்தில் வேகம் ஒரே அளவாக இருந்ததில்லை. நிமிடத்துக்கு 70 சுற்றில் இருந்து 80-க்கு மேல் வரை பதிவு செய்திருக்கிறார்கள். 73-இல் பதிவான தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். நாலரைக் கட்டையில் பாடியவர் ஐந்து கட்டையில் பாடுவது போலத் தோன்றும். பாட்டும் அவசரமாக ஓடும்.

இதில் ஒரு நல்ல செய்தி, ராகம் கெடாது. எல்லா ஸ்வரமும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் இடைவெளிகள் அப்படியே இருக்கும். ஆனால் கமகத்தின் நிதானமும் குரலின் கனமும் போய்விடும். தாயி போன்ற ஒருவரை எடைபோட நமக்குக் கிடைத்திருப்பதே ஒவ்வொரு தட்டிலும் மூன்று நிமிடம்தான். அதிலும் பத்துப் பன்னிரண்டு வினாடி களவு போனால் எப்படி?

ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பாடலைத் திறந்து, எஃபெக்ட் மெனுவில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள் (பழைய பதிப்புகளில் ‘சேஞ்ச் ஸ்பீட்’ என்று மட்டும் இருக்கும்). 78-ஐ 73 ஆக்க, ஸ்பீட் மல்டிபிளையர் கட்டத்தில் 0.936 என்று கொடுங்கள். ‘சேஞ்ச் பிட்ச்’ என்பதை மட்டும் கிளிக் செய்யாதீர்கள். அது சுருதியைத் தனியாக மாற்றி வேகத்தை அப்படியே விட்டுவிடும்.

சரி, 73 என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கவாத்தியம் ஆர்மோனியமாக இருந்தால் நம் பாடு எளிது. அதன் சுருதி கட்டை கட்டையாக நிலையானது. வீட்டில் உள்ள கீபோர்டில் ஒத்துப் பார்த்து, இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தால் வேகம் சரியில்லை என்று அர்த்தம். வயலின் என்றால் இந்த வழி உதவாது. அப்போது அடுத்தடுத்த மேட்ரிக்ஸ் எண் உள்ள இரண்டு தட்டுகளை எடுங்கள். ஒரே நாளில் ஒரே பாடகி பாடியிருக்க வாய்ப்பு அதிகம். ஆதார சட்ஜம் இரண்டிலும் ஒன்றாக வரும்படி செய்து கேளுங்கள். ஆரம்பகாலத் தட்டுகள் பலவற்றில் கடைசியில் பாடியவரின் பெயரைச் சொல்வது கேட்கும். கல்கத்தா சியால்டாவில் 1908-இல் தொழிற்சாலை வரும்வரை இந்தியப் பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகி வந்தன. அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இந்த அறிவிப்பு. அந்தப் பேச்சுக் குரல் இயல்பாக ஒலிக்கிறதா என்று கேட்டாலே வேகம் ஓரளவு பிடிபடும். பாட்டை விடப் பேச்சில் தவறு சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

பரணில் தட்டு கிடைத்தால்...

பொள்ளாச்சியிலோ கோபியிலோ உறவினர் வீட்டை இடிக்கும்போது ஒரு பெட்டித் தட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய இரும்புக்கடைக்காரருக்கு அது எடைக்குக்கூடத் தேறாது. உங்களுக்கு அப்படியல்ல. முதல் வேலை, அதைக் குழாய் வைத்த கிராமபோனில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குவது. இரும்பு முள் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சுரண்டும். இரண்டாவது, ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைக்கவே கூடாது. இந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். லேபிள் நனையாமல், மெல்லிய துணியும் சுத்தமான நீரும் போதும். தட்டைப் படுக்கை வசமாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

ஓட்டுவதற்கு 78-க்கான ஊசி வேண்டும். எல்.பி. ரெக்கார்டு ஊசியின் முனை சுமார் 18 முதல் 25 மைக்ரான். 78-இன் பள்ளத்துக்கு 65 முதல் 75 மைக்ரான் தேவை. சின்ன ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் கேட்கும். உங்கள் டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையா? 33⅓-இல் ஓட்டிப் பதிவு செய்து, ஆடாசிட்டியில் 2.34 மடங்கு வேகமாக்கினால் 78 கிடைத்துவிடும். வளைந்த தட்டுகளுக்கு இந்த முறையே நல்லது, ஊசி துள்ளாது.

டர்ன்டேபிளின் அவுட்புட்டை லைன்-இன் துளையில் செருகுங்கள். லேப்டாப்பில் அது இல்லையென்றால் சிறிய யு.எஸ்.பி. ஆடியோ இணைப்பான் போதும். பதிவு மோனோதானே என்று ஒரே சேனலில் எடுக்காமல் ஸ்டீரியோவில் எடுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. பிறகு இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேட்டு நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சலை நீக்குவதில் நிதானம் தேவை. குழாய் வழிப் பதிவில் சுமார் 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரைதான் ஓரளவு நன்றாகப் பதிவாகும். எனவே லோ-பாஸ் பில்டரை 5000 ஹெர்ட்ஸில் வைத்தால் சீறல் குறையும், பாட்டுக்குச் சேதம் இருக்காது. ‘கிளிக் ரிமூவல்’ அளவாகப் போடலாம். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ மட்டும் கை தாராளமாகப் போய்விடக் கூடாது. குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். இண்டர்நெட்டில் உள்ள பல பதிவுகள் இந்த ‘சுத்தம்’ செய்ததில்தான் பாழாகியிருக்கின்றன. தட்டை ஓட்டி எடுத்த மூலப் பைலில் கைவைக்காமல் தனியாக வையுங்கள். மூன்று நிமிட மோனோ வேவ் பைல் சுமார் 16 எம்பிதான், ஸ்டீரியோ என்றால் இரண்டு மடங்கு. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இது தூசு. எம்பி3 என்பது நண்பர்களுக்கு அனுப்ப மட்டும்.

காப்பிரைட் பற்றிப் பயப்படத் தேவையில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள்தான் உரிமை. அமெரிக்காவிலும் 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்தாகிவிட்டன. தாயியின் பதிவுகள் இரண்டு கணக்கிலும் வெளியே வந்துவிட்டவை. தாராளமாக ஆர்கைவ்.ஆர்க் தளத்தில் ஏற்றலாம். ஏற்றும்போது லேபிளின் இரண்டு பக்கப் படம், மேட்ரிக்ஸ் எண், எந்த வேகத்தில் மாற்றினீர்கள் என்ற குறிப்பு மூன்றும் கூடவே இருக்கட்டும். பெயரைத் தமிழிலும், மேலே சொன்ன எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் டேக் ஆகக் கொடுங்கள். உடைந்த தட்டாக இருந்தாலும் லேபிள் படத்தை ஏற்றுங்கள். பட்டியலில் ஓட்டையாக இருக்கும் ஓர் எண்ணுக்கு அதுவே விடையாக இருக்கலாம்.