உங்களுக்குத் தெரியுமா? – கீத் வாட்டர்ஹவுஸ் துணுக்குகள்

பகலில் பத்திரிகைக்குப் பத்தி, அது முடிந்ததும் டி.வி.க்கு நகைச்சுவை ஸ்கிரிப்ட். பிரிட்டனில் இந்த இரட்டை மாட்டு வண்டியை ஓட்டியவர்கள் பலர். அவர்களில் எனக்குப் பிடித்தவர் கீத் வாட்டர்ஹவுஸ் (1929–2009). பெயர் புதிதாக இருந்தால் பரவாயில்லை, படித்துக்கொண்டே வாருங்கள்.

✦ லீட்ஸ் நகரத்தின் ஹன்ஸ்லெட் பகுதியில் பிறந்தவர். அப்பா தள்ளுவண்டியில் காய்கறி, பழம் விற்றவர். பையனுக்கு விவரம் தெரிவதற்குள் இறந்துபோனார். படிப்பு 14 வயதோடு நின்றது.

✦ அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம், சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் அலுவலகம். குமாஸ்தா வேலை. அங்கே பார்த்தது, கேட்டது எதையும் அவர் வீணாக்கவில்லை. 1959இல் வெளிவந்த ‘பில்லி லையர்’ நாவலின் நாயகன் பில்லி ஃபிஷரும் சவ அடக்க நிறுவனத்துக் குமாஸ்தாதான். வாயைத் திறந்தால் பொய். ஒரே சமயத்தில் இரண்டு பெண்களுக்குக் கல்யாண வாக்கு. அஞ்சலில் அனுப்பச் சொல்லி முதலாளி கொடுத்த காலண்டர்களை அனுப்பாமல் வீட்டில் ஒளித்துவைத்திருப்பவன். மனசுக்குள் ‘அம்ப்ரோஸியா’ என்று ஒரு நாடே நடத்துகிறான். ராணுவம், அரசாங்கம் எல்லாம் உண்டு. அவனுடைய பெரிய ஆசை என்ன தெரியுமா? லண்டனுக்குப் போய் ஒரு காமெடியனுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது! பில்லி கடைசியில் லண்டன் போகவில்லை. அவனைப் படைத்தவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

✦ அந்த நாவலின் முதல் பிரதி ஒரு டாக்ஸியில் தொலைந்துபோனது. திரும்ப முதலிலிருந்து எழுதினார். இன்று நாம் படிப்பது அதைத்தான்.

✦ ஒரே கதையை எத்தனை தடவை விற்கலாம்? நாவலுக்கு அடுத்த வருடமே, 1960இல், ஆல்பர்ட் ஃபின்னி நடிக்க மேடை நாடகம். 1963இல் ஜான் ஷ்லெசிங்கர் இயக்கத்தில் டாம் கோர்ட்னி, ஜூலி கிறிஸ்டி நடித்த சினிமா. 1973இல் டி.வி. தொடர். 1974இல் மைக்கேல் கிராஃபோர்ட் ஆடிப்பாடிய இசை நாடகம். இசை, ஜேம்ஸ் பாண்ட் படங்களின் ஜான் பாரி. கடல் தாண்டி அமெரிக்க டி.வி.யிலும் பில்லி தலைகாட்டினான், 1979இல். எல்லாவற்றிலும் சினிமாதான் உசத்தி என்பது என் கட்சி.

✦ நாடகத்திலும் டி.வி.யிலும் அவருக்குக் கூட்டாளி வில்லிஸ் ஹால். அவரும் லீட்ஸ்காரர், அவரும் 1929இல் பிறந்தவர், இளவயதிலேயே சிநேகிதர்.

✦ 1962 நவம்பரில் பி.பி.சி. ஒரு துணிச்சலான காரியம் செய்தது. சனிக்கிழமை இரவு, நேரலை, டேவிட் ஃப்ராஸ்ட் முன்னால் நிற்க, நாட்டின் பிரதமர் முதல் பாதிரியார் வரை எல்லோரையும் கிண்டலடிக்கும் நிகழ்ச்சி: ‘தட் வாஸ் த வீக் தட் வாஸ்’. அதற்கு எழுதிக்கொடுத்தவர்களில் இந்த ஜோடியும் உண்டு. அந்த வாரச் செய்தியை அந்த வாரமே பகடியாக்கும் வேலை என்பதால் நிருபர் பயிற்சி உள்ளவர்களுக்கு அங்கே மவுசு. 1963 முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். ‘அடுத்தது தேர்தல் வருடம்’ என்று காரணம் சொன்னது பி.பி.சி.

✦ ஹிட்ச்காக்கின் ‘டார்ன் கர்ட்டன்’ (1966) படத்தின் வசனங்களைப் படப்பிடிப்பு நேரத்தில் மாற்றி எழுதிக்கொடுத்தவர்கள் வாட்டர்ஹவுஸும் ஹாலும்தான். டைட்டிலில் தேடாதீர்கள், பெயர் இருக்காது. திரைக்கதை பிரையன் மூர் என்று மட்டுமே போட்டார்கள்.

✦ 1970களில் ‘குவீனீஸ் காஸில்’ தொடருக்காக டயானா டார்ஸை லீட்ஸ் நகரத்துக் குவாரி ஹில் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ‘கவர்ச்சி நடிகை’ என்று பெயர் வாங்கியவருக்கு, அடாவடிக் குடும்பத்தை அதட்டி மேய்க்கும் அம்மா வேடம். அந்தக் கட்டடம் இன்று இல்லை; 1978இல் இடித்துவிட்டார்கள்.

✦ இதே ஜோடியின் ‘பட்ஜி’ (1971) தொடரில் பாப் பாடகர் ஆடம் ஃபெய்த், ஜெயிலிலிருந்து வந்த சில்லறைத் திருடன். முதல் சில பகுதிகள் மட்டும் கறுப்பு வெள்ளை. கலை நோக்கம் எதுவும் இல்லை. கலர் கருவிகளை இயக்கக் கூடுதல் சம்பளம் கேட்டு ஐ.டி.வி. தொழில்நுட்பப் பணியாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள்.

✦ பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு அவர் கொடுத்தது ‘வொர்ஸல் கம்மிட்ஜ்’ (1979–81). வயலில் நிற்கும் சோளக்கொல்லை பொம்மை உயிர் பெற்று ஊரைக் கலக்கும். வேலைக்குத் தகுந்தாற்போல் தலையைக் கழற்றி வேறு தலை மாட்டிக்கொள்ளும். யோசிக்கவென்று தனித்தலை! மூலக்கதை பார்பரா யூஃபன் டாட் எழுதியது. பொம்மையாக நடித்தவர் ‘டாக்டர் ஹூ’ ஜான் பெர்ட்வீ.

✦ இத்தனைக்கும் நடுவில் பத்திரிகையை விடவில்லை. ‘யார்க்‌ஷயர் ஈவினிங் போஸ்ட்’டில் தொடங்கி, 1950களில் ‘டெய்லி மிரர்’. அதில் 1970இலிருந்து பத்தி. ராபர்ட் மாக்ஸ்வெல் முதலாளியாக வந்தபின், 1986இல் ‘டெய்லி மெயில்’ பக்கம் போய்விட்டார். அங்கே 2009 மே வரை. பத்தியிலும் நாடக புத்தி போகாது: கிளாக்தார்ப் என்று ஒரு கற்பனை ஊர், அதன் அசட்டு நகராட்சிக் கூட்டங்கள், வாடிக்கையாளரைக் கண்டுகொள்ளாமல் அரட்டையடிக்கும் ஷாரன், டிரேசி என்ற கடைப் பெண்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் யுகத்திலும் அவர் தட்டியது சாதா டைப்ரைட்டரில்தான்.

✦ ‘மிரர்’ உதவி ஆசிரியர்களுக்காக எழுதிய உள்சுற்றுக் கையேடு, 1981இல் புத்தகமாக வந்தது. தேய்ந்த சொற்றொடர்கள், அசட்டுச் சிலேடைத் தலைப்புகள் எல்லாவற்றுக்கும் அதில் அர்ச்சனை. பரபரப்புப் பத்திரிகையில் இருந்துகொண்டே பரபரப்பு நடையைத் தோலுரிக்க நெஞ்சுரம் வேண்டும்.

✦ ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே போடும் ஒற்றைக் குறியைக் கண்ட இடத்தில் போடுகிறவர்களை ஒழிக்கத் தன் பத்தியிலேயே ஒரு சங்கம் தொடங்கினார். அந்தப் பிழைக்கு அதிகம் பேர்போனவை காய்கறிக் கடைப் பலகைகள். அப்பாவின் தொழில்! அவர் இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

✦ ‘ஹூஸ் ஹூ’ தொகுப்பில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் அவர் கொடுத்திருந்தது: மதிய உணவு. விளையாட்டில்லை, 1986இல் மதிய உணவைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

✦ ஜெஃப்ரி பெர்னார்ட் என்ற பத்தி எழுத்தாளர் குடித்துவிட்டுக் கட்டுரை தராத வாரங்களில், ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ் ‘ஜெஃப்ரி பெர்னார்டுக்கு உடல்நலம் சரியில்லை’ என்று ஒரு வரி அச்சிடும். அந்த வரியையே தலைப்பாக்கி 1989இல் வாட்டர்ஹவுஸ் நாடகம் எழுதினார். சோஹோவில் ஒரு மதுக்கடைக்குள் இரவு முழுக்கப் பூட்டப்பட்டுக் கிடக்கும் பெர்னார்ட் தன் கதையைச் சொல்கிறார். நடித்தவர் பீட்டர் ஓ’டூல். இயக்கியவர் நெட் ஷெரின். 1962இல் அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தயாரித்த அதே ஷெரின்தான்.

✦ அந்த நாடகத்தில் ஒரு முட்டை வித்தை வரும். தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளர். அதன்மேல் பிஸ்கட் டின் மூடி. மூடிமேல் நெட்டுக்குத்தலாகத் தீப்பெட்டியின் மேலுறை. உறையின் தலையில் பச்சை முட்டை. ஷூவால் மூடியின் ஓரத்தில் ஒரு போடு. மூடி பறக்கும், முட்டை உடையாமல் தண்ணீருக்குள் விழும். இது வாட்டர்ஹவுஸ் விருந்துகளில் செய்துகாட்டும் சொந்தச் சரக்கு. வீட்டில் முயன்று பார்ப்பவர்கள் தரையில் பழைய பேப்பர் விரித்துக்கொள்வது நல்லது.