ஓர் இரவுக்கு 5.5 லிட்டர்: மீஞ்சூரிலிருந்து குடியம் மலைக்கு ஒரு கணக்கு

மீஞ்சூர்க்காரர் ஒருவர் மலையும் ஏரியும் சேர்ந்த இடத்துக்குப் போக வேண்டுமானால், மிக அருகில் இருப்பது பூண்டி. சென்னை சென்ட்ரல் வரை ரயிலில் சுமார் 27 கி.மீ., அங்கே மாறித் திருவள்ளூர் வரை 42 கி.மீ., பிறகு சாலையில் சுமார் 12 கி.மீ.; ஆக 81 கி.மீ. இதே பூண்டியில் தேங்கும் கொசஸ்தலையாறுதான் மீஞ்சூர் வட்டாரத்தைக் கடந்து எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஆற்றின் மொத்த நீளம் 136 கி.மீ.

பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. செலவு 65 லட்சம் ரூபாய். அப்போதைய கொள்ளளவு 2,573 மில்லியன் கனஅடி. அதாவது, ஆயிரம் லிட்டர் நீரைத் தேக்கும் இடத்துக்கு ஏறத்தாழ 9 பைசா. கிருஷ்ணா ஆற்று நீரைத் தேக்க அணை உயர்த்தப்பட்ட பின் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, அதாவது 9,149 கோடி லிட்டர். கூடுதல் 25.6 சதவீதம்.

அருகிலுள்ள அல்லிக்குழி மலைத்தொடரில் இருக்கின்றன குடியம் குகைகள். நடை எளிது, போக வர 8 முதல் 10 கி.மீ. மணிக்கு 3 கி.மீ. என்று வைத்தாலும் மூன்றரை மணி நேரத்துக்குள் முடியும். அதே வட்டாரத்து அதிரம்பாக்கத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 2011-ல் வெளியான ஆய்வு அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது கணித்தது.

எளிய நடையைக் கடினமாக்குவது ஏற்றம் அல்ல, சுமை. நால்வர் ஓர் இரவு தங்குவதாகக் கொள்வோம். ஓராளுக்குக் குடிநீர் 4 லிட்டர், சமையலுக்கு 1.5 லிட்டர்: 5.5 கிலோ. இருவர் கூடாரத்தில் பாதிப் பங்கு 1.25 கிலோ, விரிப்பும் போர்வையும் 1 கிலோ, உணவு 0.75 கிலோ, டார்ச்சும் மருந்தும் 0.5 கிலோ. மொத்தம் 9 கிலோ. அதில் தண்ணீர் மட்டும் 61 சதவீதம். கோடையில் ஓடையை நம்பி இதைக் குறைக்க முடியாது.

பகலிலேயே திரும்பினால் தண்ணீர் 3 கிலோ, உணவு 0.5 கிலோ, மற்றவை 1 கிலோ, மொத்தம் 4.5 கிலோ. ஓர் இரவு தங்குவது சுமையைச் சரியாக இரு மடங்காக்குகிறது. காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதியும் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் காரணத்தைச் சொல்ல ஓர் எண் போதும்: 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. குடியம் அவற்றில் ஒன்று. 2025-ல் அந்தப் பாதைகள் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன. அது 60 நாள், ஆண்டில் 16.4 சதவீதம்.

புறப்படும் இடத்திலும் தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதற்கு எடுக்கும் கடல்நீர் 23.7 கோடி லிட்டர். தொடக்க ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48.66 ரூபாய். இதைப் பூண்டியின் 9 பைசாவோடு நேராக ஒப்பிடுவது சரியல்ல: அது தேக்கும் இடத்துக்கு ஒருமுறை செய்த செலவு, இது நீருக்குத் தொடர்ந்து தரும் விலை, ரூபாயின் மதிப்பும் வேறு. அளவை ஒப்பிடலாம். நிறைந்த பூண்டிக்கு இணையான நீரைத் தர அந்த ஆலை 915 நாள், அதாவது இரண்டரை ஆண்டு, முழுத்திறனில் ஓட வேண்டும்.

மலைக்குச் சுமக்கும் 5.5 லிட்டரை அந்த ஆலை நீரால் நிரப்பினால், எடுத்த கடல்நீர் 13 லிட்டர். ஒப்பந்த விலையில் 27 பைசா. லிட்டர் 20 ரூபாய் பாட்டிலாக வாங்கினால் 110 ரூபாய், ஏறத்தாழ 410 மடங்கு. நால்வருக்கு 22 லிட்டர், 22 பாட்டில். வீட்டுக் குடங்களிலிருந்து கேன்களில் நிரப்பிச் சென்றால் மலையில் விழக்கூடிய பிளாஸ்டிக் பாட்டில்களின் எண்ணிக்கை 0. இந்தக் கணக்கில் நம் கையில் முழுதாக இருக்கும் எண் அது ஒன்றே.