ஒலி இழந்த எழுத்துக்கள்

ஆங்கில பாஷையைக் கற்கப் புகும் நம் மாணவரைத் திகைக்க வைப்பவை, ஏட்டில் நின்றும் நாவில் ஏறாத அக்ஷரங்களே. பிரபு வம்சத்துப் போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற பதத்தின் முகப்பில் 'கே' எதற்கு, நடுவே 'ஜி'யும் 'எச்'சும் எதற்கு என்று கேட்டால், உபாத்தியாயர் 'அது சைலண்ட்' என்று சொல்லி மேலே போய்விடுவார். ஆயினும், பதினான்காம் நூற்றாண்டில் கவி சாசர் வாழ்ந்த நாளில், ஆங்கிலேயர் அப்பதத்தை ஏறத்தாழ 'க்னிஹ்ட்' என்று எழுத்துக்குக் குறைவின்றியே உச்சரித்து வந்தனர்.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவியபோது, அந்நாட்டுப் பேச்சு சீமைக்கொரு விதமாகச் சிதறிக் கிடந்தது. அவரே ஒரு நூலின் முன்னுரையில் சொல்லும் வேடிக்கை இது: தேம்ஸ் நதி வழியே ஸீலாந்துக்குக் கப்பலேறிய வர்த்தகர் சிலர் காற்றில்லாமையால் கரையிறங்க, அவருள் ஒருவர் ஒரு வீட்டில் போய், இன்று நாம் அறிந்த 'எக்' என்ற சொல்லாலேயே முட்டை கேட்கிறார், வீட்டுக்காரியோ தனக்குப் பிரெஞ்சு தெரியாதென்கிறாள், தமக்கும் அது தெரியாதே என்று அவர் சினங்கொள்ள, உடன் வந்தவர் 'எய்ரன்' என்று கேட்ட பிறகே அவளுக்கு விளங்குகிறது. இரண்டில் எதை எழுதுவதென்று காக்ஸ்டன் தவித்ததில் வியப்பில்லை.

அச்சுக்கோப்பவரின் பழக்கத்தால் எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைபெற்றுவிட, நாவோ நிலைபெறாமல், 1400 முதல் 1700 வரையுள்ள இடைக்காலத்தில் நெட்டுயிர்களின் ஒலியையே மாற்றிவிட்டது; ஒரு காலத்தில் 'நாம' என்பதுபோல் ஒலித்த சொல் 'நேம்' ஆயிற்று.

பண்டிதர்கள் செய்த கைங்கரியம் வேறு. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலமான 'டெபிட்டும்' நினைவுக்கு வரவேண்டுமென்றே அது பின்னர் நுழைக்கப்பட்டது. பூர்வீகத்தைக் காட்டுகிறதென்று இதையாவது மன்னிக்கலாம். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சுத்தமான ஆங்கிலப் பதமாயிருக்க, லத்தீன் வழி வந்த 'ஐல்' என்பதன் உறவினனாக அதைப் பிழைபடக் கருதி ஓர் 'எஸ்'ஸைச் சூட்டியதற்கு என்ன சமாதானம் சொல்வது!

1950-இல் காலமான பெர்னார்ட் ஷா, உச்சரிப்புக்கு இசைந்த புது நெடுங்கணக்கு ஒன்றை வகுக்கத் தம் உயிலில் பொருள் ஒதுக்கினார். அவ்வாறு பிறந்த லிபியில் 1962-இல் அவருடைய 'ஆண்ட்ரோக்ளிஸும் சிங்கமும்' நாடகம் அச்சேறியது; எதிர்ப்பக்கத்தில் பழைய எழுத்திலும் அதையே அச்சிட்டிருந்தார்கள்.